மீனவப் பெண்ணின் காதலும் பீஷ்மரின் பெயரும்: பேசாப்படம் எந்த மொழியில் விற்கப்பட்டது?

1921இல் சென்னையில் எடுக்கப்பட்ட ‘பீஷ்ம பிரதிக்ஞை’ ஒரு பேசாப்படம். தெலுங்குத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தம் முதல் பக்கத்தை அதற்கே ஒதுக்குகின்றனர். படச்சுருள் இன்று இல்லை. கதை தெரியாதவரும் இல்லை. ஓடம் செலுத்தும் செம்படவப் பெண் சத்தியவதியின்மீது சந்தனு மன்னன் காதல் கொள்கிறான். அவளைப் பெண் கேட்டுச் சென்றவனிடம், தன் மகள் வயிற்றுப் பிள்ளைக்கே அரியணை என்று மீனவர் தலைவன் தாசராஜன் நிபந்தனை வைக்கிறான். மன்னன் மனம் மறுகி அரண்மனைக்குத் திரும்புகிறான். காரணத்தை அறிந்த மகன் தேவவிரதன் அரசுரிமையையும் இல்லறத்தையும் ஒருசேரத் துறப்பதாகச் சபதம் செய்து பீஷ்மன் ஆகிறான்.

இக்கதையின் விசை முழுவதும் நீர்க்கரையில் இருக்கிறது. கடற்கரை அன்று, யமுனைக் கரை. எனினும் படகும் மீன்வாடையும் குலத்தலைவனின் பேரமும் நிறைந்த மீனவக் குடியிருப்புதான் களம். மச்சகந்தி என்பதே நாயகியின் பழைய பெயர். தாசராஜன் கேட்பதும் சீதனமன்று, ஆட்சியுரிமை. அரசகுலத்தை நோக்கி ஒரு மீனவன் வைக்கும் நிபந்தனையாக இதைப் படித்தால், சபதம் அந்த நிபந்தனைக்குக் கிடைத்த விடை மட்டுமே. ஆனால் படத்தின் தலைப்பு விடையைத்தான் சொல்கிறது, வினாவைச் சொல்லவில்லை. அதற்குச் ‘சத்தியவதி’ என்றோ ‘மச்சகந்தி’ என்றோ பெயரிட்டிருக்கலாம். இடப்பட்ட பெயர் இளவரசனின் துறவைப் பற்றியது.

இந்தத் தேர்வு கதைச்சுவை சார்ந்தது மட்டுமன்று. விளம்பரம் சார்ந்ததும் ஆகும். படத்தை எடுத்தோர் முதலில் கொட்டகைக்காரர்கள், பிறகே படைப்பாளிகள். மசூலிப்பட்டணத்தில் 1869இல் பிறந்த ரகுபதி வெங்கையா சென்னையில் புகைப்பட நிலையம் நடத்தியவர். குரோனோமெகபோன் என்ற கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார்; அக்கருவியோடு இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றுவந்தார். சென்னை வட்டச்சாவடிப் பக்கம் அவர் எழுப்பிய கெயிட்டி, நகரில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு என்று பெயர்பெற்றது. கிரவுன், குளோப் ஆகியவை பின்னர் வந்தன. மகன் ரகுபதி சூரிய பிரகாஷ் இலண்டன் சென்று படத்தொழில் கற்றுத் திரும்பினார். தந்தையும் மகனும் தொடங்கிய ‘ஸ்டார் ஆப் தி ஈஸ்ட்’ நிறுவனத்தின் முதல் வெளியீடுதான் ‘பீஷ்ம பிரதிக்ஞை’. பிரகாஷே பீஷ்மராக நடித்தார். கங்கையாக நடித்தவர் பெக்கி காஸ்டெல்லோ என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண். எந்தப் பெயரைக் கேட்டுச் சனம் கொட்டகைக்கு வரும் என்று பத்தாண்டுக் காலம் வாசலில் நின்று கற்றவர்கள் தலைப்பை யோசிக்காமல் வைத்திருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஆய்வாளர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ‘பீஷ்ம பிரதிக்ஞை’ தெலுங்கின் முதல் பேசாப்படம், 1917-18இல் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தமிழின் முதல் பேசாப்படம். பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் இது மறுகேள்வியின்றிச் சொல்லப்படுகிறது. முன்னதன் படப்பிடிப்புக் களம் புரசைவாக்கம், பின்னதன் களம் கீழ்ப்பாக்கம். இரண்டும் அடுத்தடுத்த பேட்டைகள். இரண்டு படங்களிலும் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டும் மகாபாரதக் கிளைக்கதைகள். இரண்டும் குறிவைத்தது ஒரே சென்னை மாகாணச் சந்தையை. அப்படியிருக்க ஒன்று தமிழானது எப்படி, மற்றொன்று தெலுங்கானது எப்படி? எடுத்தவரின் தாய்மொழியைக் கொண்டு படத்தின் மொழியைத் தீர்மானிப்பது பிற்கால மொழிவாரி மாநில உணர்வு பின்னோக்கி எழுதிய வரலாறு. படச்சுருளுக்கு மொழி கிடையாது. அதற்கு மொழி வாய்த்தது இரண்டு இடங்களில்: காட்சிகளுக்கிடையே ஓடிய எழுத்துப் பலகைகளில், கொட்டகைக்கு வெளியே நடந்த விளம்பரத்தில்.

எழுத்துப் பலகைகளைப் பொறுத்தவரை ‘கீசக வதம்’ தொடக்கத்திலேயே பன்மொழிப் பண்டம். தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அதற்குப் பலகைகள் எழுதப்பட்டன; இந்திப் பலகைகளைக் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் எழுதினார் என்றும் சொல்லப்படுகிறது. நடராஜ முதலியார் வேலூர்க்காரர். மோட்டார் உதிரிப் பொருள் வணிகத்திலிருந்து படத்தொழிலுக்கு வந்தவர். வணிகர் மொழியால் சந்தையைச் சுருக்கிக்கொள்வதில்லை.

வேலூர் என்றதும் வடஆர்க்காடு நினைவுக்கு வரவேண்டும். அந்த மாவட்டத்தின் தலைநகராக 1911 வரை இருந்தது சித்தூர். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று வடஆர்க்காட்டின் வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. சித்தூர், திருப்பதி, புத்தூர், திருத்தணி ஆகிய ஊர்களின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கின. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூர் சென்ற மீட்டர்கேஜ் இருப்புப்பாதை இவ்வூர்களைத் தெற்கே தமிழ்ப் பகுதியோடும் கிழக்கே நெல்லூர்க் கடற்கரைச் சமவெளியோடும் பிணைத்தது. திருப்பதிக்கு வந்த யாத்திரிகர் கூட்டத்தில் எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்று எந்தக் கொட்டகைக்காரராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பேசாப்படத்துக்கு மொழி உண்டு என்ற கூற்றைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிலப்பகுதி இல்லை.

இந்நிலப்பகுதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்கில் நடக்கும் பாரத விழா வடஆர்க்காட்டிலும் சித்தூரிலும் ஆழ வேரூன்றியது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவை வீழ்த்தும் படுகளம். கீசகன் யார், பீஷ்மன் யார் என்று இங்குள்ள உழவருக்கும் குயவருக்கும் எவரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் கேட்டவரும் தெலுங்கில் கேட்டவரும் அதே பெயர்களைத்தான் கேட்டிருந்தனர். ‘வதம்’, ‘பிரதிக்ஞை’, ‘மோட்சம்’, ‘கர்வபங்கம்’ போன்ற சொற்கள் இரு மொழிகளுக்கும் பொதுச் சொத்து. ஒரே தலைப்பை இரண்டு எழுத்துகளில் அச்சிட்டால் போதும்; மொழிபெயர்க்கவும் தேவையில்லை. பேசாப்படக் காலத் தென்னிந்தியத் தயாரிப்புகளில் புராணப் படங்கள் மிகுந்திருந்ததற்குப் பக்தியையே காரணமாகச் சொல்வது வழக்கம். பக்தியின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் இருமொழி நோட்டீசின் சிக்கனத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

விளம்பரம் நடந்த முறையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எழுத்தறிந்தோர் குறைவாக இருந்த காலத்தில் செய்தித்தாள் விளம்பரம் பெருநகரத்துக்கே பயன்பட்டது. சிற்றூர்களில் விளம்பரம் என்பது வண்டி. மாட்டு வண்டியின் அல்லது ஜட்காவின் இருபுறமும் படத்தட்டிகளைச் சாய்த்துக் கட்டி, முன்னால் பறையோ பேண்டு வாத்தியமோ முழங்க, தெருத்தெருவாகச் சென்று வண்ணத் தாளில் அச்சிட்ட நோட்டீசுகளை வீசிச் செல்வார்கள். பின்னால் ஓடும் சிறுவர் கூட்டமும் விளம்பரத்தின் ஒரு பகுதியே. மாலையில் கொட்டகை வாசலில் மீண்டும் வாத்தியம் முழங்கும். ஆட்டம் தொடங்கப்போகிறது என்பதற்கு அதுவே அறிவிப்பு. உள்ளே திரைக்கருகே ஒருவர் நின்று எழுத்துப் பலகைகளை உரக்கப் படிப்பார். படிப்பதோடு நில்லாமல் காட்சிக்குத் தக்கபடி வசனமும் பேசுவார், வில்லனைத் திட்டுவார், நாயகிக்காக அழுவார். சுருள் மாற்றும் இடைவேளையில் நடனமும் குத்துச்சண்டையும் கூட நடந்ததுண்டு. ஆக, ‘பேசாப்படம்’ என்று நாம் அழைப்பது உண்மையில் காது அடைக்கும் இரைச்சலின் நடுவே நிகழ்ந்த ஒன்று. சுருள் மட்டுமே ஊமை.

திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சுவாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியும் சுருள்களும் வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று, வடக்கே பெஷாவர் வரை படம் காட்டியவர். ஒரே சுருளை ஊருக்கொரு மொழியில் விற்க முடிந்ததால்தான் இத்தகைய பயணங்கள் சாத்தியமாயின. வாசலில் கூவுபவரையும் உள்ளே விளக்கம் சொல்பவரையும் மாற்றினால் படமே மாறிவிடும். அவ்வகையில் ஒரு படம் சித்தூரில் காலையில் தமிழ்ப்படமாக விளம்பரம் பெற்று இரவில் தெலுங்குப்படமாக ஓடியிருக்கலாம் என்று கருதுவது மிகையாகாது. அதை இன்று எந்த மொழியின் கணக்கில் எழுதுவது?

மீண்டும் மீனவப் பெண்ணிடம் வருவோம். புகழ்பெற்ற பெயருக்கே நோட்டீசில் இடம் உண்டு எனும்போது, கடற்கரைக் குடிசையில் பிறந்த காதலுக்கு அங்கே என்ன வழி? இது தென்னிந்தியாவுக்கு மட்டும் உரிய நிலையன்று. 1929இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘தி மாங்ஸ்மேன்’ பேசாப்படம் நேராகவே ஒரு மீனவ ஊரின் காதல் கதை. மீனவன் ஒருவன், வழக்கறிஞனான அவன் நண்பன், இருவருக்கும் நடுவில் ஒரு பெண். மான் தீவில் நிகழ்வதாகச் சொல்லப்படும் கதையைக் கார்ன்வால் கடற்கரையில் படம்பிடித்தனர். கடல் எந்தக் கடல் என்று திரை கேட்பதில்லை. அங்கும் படத்துக்கு முன்பே சந்தையில் இருந்தது ஹால் கெய்ன் 1894இல் வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்ட நாவலின் பெயர். இங்கே வியாசரின் பெயர் செய்த வேலையை அங்கே நாவலாசிரியரின் பெயர் செய்தது.

அந்தப் படத்தின் நாயகி ஆனி ஓண்ட்ரா ஒரு செக் நடிகை. பேசாத வரையில் அவர் மான் தீவுப் பெண்ணாக இருப்பதில் எவருக்கும் தடையில்லை. அதே ஆண்டில் ஹிட்ச்காக்கின் அடுத்த படமான ‘பிளாக்மெயில்’ பேசும்படமாக மாற்றப்பட்டபோது ஓண்ட்ராவின் உச்சரிப்பு சிக்கலாயிற்று. அவர் வாயசைக்க, ஜோன் பாரி என்ற ஆங்கில நடிகை கேமராவுக்கு வெளியே நின்று பேசினார். சென்னையில் பெக்கி காஸ்டெல்லோ கங்கையாக முடிந்ததும் இதே ஊமைத்தனத்தின் கொடைதான். நாடகமேடையில் பெண்வேடத்தை ஆண்களே தாங்கிய காலத்தில், திரைக்கு வரத் துணிந்த பெண்களில் ஆங்கிலோ இந்தியர் முக்கியமானவர்கள். ஒலி வந்ததும் உச்சரிப்பு ஒரு வாயிற்காவலனாக வந்து நின்றது.

1920களின் இறுதியில் விளம்பரத்துக்கு இன்னொரு உத்தி வாய்த்தது: இரட்டைத் தலைப்பு. 1929இல் ஏ. நாராயணன் சென்னையில் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் ‘கோவலன்’ கதையைப் படமாக்கியபோது அதற்கு ‘தி பேட்டல் ஆங்க்லெட்’ என்ற ஆங்கிலப் பெயரும் இருந்தது. ராஜா சாண்டோவின் ‘பேயும் பெண்ணும்’ ஆங்கிலத்தில் ‘தி டெவில் அண்ட் தி டாம்செல்’ ஆயிற்று. ஆங்கிலத் தலைப்பு மவுண்ட் ரோட்டுக்கு, உள்ளூர்த் தலைப்பு கொத்தவால் சாவடிக்கு. ‘கோவலன்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் நினைவில் புகார் நகரின் கடலும் பரதவரும் எழக்கூடும்; ஆங்கிலத் தலைப்போ கடலை விட்டுவிட்டுச் சிலம்பை மட்டும் எடுத்துக்கொண்டது. மறுபுறம் ராஜா சாண்டோ சமூகக் கதைகளின் பக்கம் திரும்பினார். ‘அநாதைப் பெண்’ போன்ற தலைப்பு சமஸ்கிருதப் பொதுச் சொத்தை விட்டு விலகித் தமிழ் வாசகரை நேரே விளிக்கிறது. புராணத்தை விட்டு வெளியே வந்தவுடன் நோட்டீசுக்கு ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று என்பதே இதன் உட்பொருள்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோது இந்தக் குழப்பம் முழுமையாக வெளிப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார், எதிரே நின்றவர் தெலுங்கு பேசினார், இந்தியும் கலந்திருந்தது. படப்பெட்டி சென்ட்ரல் நிலையத்தில் வந்து இறங்கியபோது மக்கள் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஊர்வலமாக அழைத்துச் சென்றதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. இன்று ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம். தெலுங்குக்கு அதே இயக்குநரின் ‘பக்த பிரகலாதா’. பேசாப்படத்தின் நோட்டீசில் அருகருகே வாழ்ந்த இரு மொழிகள் ஒலிநாடாவில் ஒன்றாக வாழ முடியாமல் பிரிந்த தருணம் அது.

பிரிவினையின் நடுவே வாழ்ந்த ஒருவரைச் சித்தூரே தந்தது. ரேபல்லேயில் 1904இல் பிறந்த நாகையா, சித்தூர் ராம விலாச சபையின் நாடகங்களில் பெயரெடுத்து ‘சித்தூர்’ என்பதைத் தன் பெயருக்கு முன்னால் நிலையாகப் பெற்றார். பேசும்படம் கேட்ட உச்சரிப்புச் சான்றிதழ் அவரிடம் இரண்டு மொழிகளுக்கும் இருந்தது. தெலுங்கில் தியாகையராகவும் வேமனராகவும் விளங்கிய அவர், தமிழில் ‘அசோக்குமார்’, ‘மீரா’ ஆகிய படங்களிலும் இடம்பெற்றார். எல்லையூர்களின் இருமொழிக் காது எத்தகைய கலைஞனை உருவாக்கும் என்பதற்கு அவர் ஒருவர் போதும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே சென்றது. போராட்டத்தின் பின் 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. ஆவணக்காப்பகங்களும் அதற்கேற்பப் பிரிந்தன. சித்தூர்க் கொட்டகை ஒன்றின் நோட்டீசைத் தேடும் மாணவர் இன்று இரண்டு மாநிலங்களின் கதவைத் தட்ட வேண்டும். தமிழ் ஆய்வாளர் தெலுங்கு நோட்டீசையும் தெலுங்கு ஆய்வாளர் தமிழ் நோட்டீசையும் ‘நம்முடையதன்று’ என்று ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

அந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானதன்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்களில் எஞ்சியவை மிகச் சில. நடராஜ முதலியாரின் படங்களில் ஒன்றுகூட இல்லை. அவருடைய படப்பிடிப்பு நிலையம் 1923இல் தீக்கிரையானது. தென்னிந்தியப் பேசாப்படங்களில் பெருமளவு பிழைத்த ‘மார்த்தாண்ட வர்மா’வின் வரலாறு வேடிக்கையானது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை நாகர்கோவில் சுந்தர்ராஜ் படமாக எடுத்தார், இயக்கியவர் பி. வி. ராவ். நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த புத்தகக் கடை வழக்குத் தொடர்ந்து தடை வாங்கியது; சுருள் கடைக்காரர் வசம் போய் முடங்கியது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதை அங்கிருந்து மீட்டது. ஊர் ஊராக விளம்பரம் பெற்று ஓடிய படங்கள் ஓடி ஓடியே தேய்ந்து அழிந்தன. ஓடவிடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது.

பேசும்படங்களுக்குப் பாட்டுப்புத்தகம் உண்டு. அரையணா, ஓரணா கொடுத்து வாங்கியவர்கள் பாடுவதற்காகவே அவற்றைப் பாதுகாத்தனர். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அவை இன்று ஆய்வுக்குக் கிடைக்கின்றன. பேசாப்படத்துக்குப் பாட்டும் இல்லை, பாட்டுப்புத்தகமும் இல்லை. தெருவில் வீசப்பட்ட நோட்டீஸ் பலகாரம் மடிக்கப் பயன்பட்டு மறைந்தது. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு தாளும், மிகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட சாட்சி என்றாலும், அரிய சாட்சி. படம் எப்படி இருந்தது என்பதை அது நம்பத்தக்க வகையில் சொல்லாது. யாரை எந்த மொழியில் அழைத்தது என்பதில் அதற்குப் பொய் சொல்ல வழியில்லை.

1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் வசனமே இல்லாத படம் ஒன்றை எடுத்தார். கமல்ஹாசனும் அமலாவும் நடித்த அப்படம் கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, தெலுங்கில் ‘புஷ்பக விமானமு’. புராண விமானத்தின் பெயர் அங்கே மீண்டும் கைகொடுத்தது. தமிழ்ச் சுவரொட்டியில் மட்டும் ‘பேசும் படம்’ என்று அச்சாயிற்று. சுருள் ஒன்றுதான், சித்தூர் எல்லைக்கு இப்பால் பார்த்தவருக்கு அது தமிழ்ப்படம், அப்பால் பார்த்தவருக்குத் தெலுங்குப்படம்.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. கூடூர், சூலூர்ப்பேட்டைப் பகுதிகள் அதனோடு சேர்ந்தன. மலையால் மட்டுமே அறியப்பட்ட திருப்பதிக்கு இப்போது வங்கக் கடலின் கரையும் பழவேற்காடு ஏரியின் வடபகுதியும் உண்டு. அந்த ஏரியின் கரைகளில் தமிழும் தெலுங்கும் பேசும் மீனவர்கள் வாழ்கின்றனர். ‘பீஷ்ம பிரதிக்ஞை’யைப் பற்றிய குறிப்புகள் பீஷ்மராக நடித்தவரையும் கங்கையாக நடித்தவரையும் தவறாமல் சொல்கின்றன, சத்தியவதியின் இடத்தை அவை வெறுமையாகவே விட்டுச் செல்கின்றன.